முத்துச் சலாபமும் இணையக் குழுக்களின் ஆட்சியும்

ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் காத்து நடத்தும் இணையக் குழுக்களில் இறுதி அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி, கணினித் துறையினர் மட்டும் பேசித் தீர்க்கக்கூடியதன்று. ஒரு வளத்தின் சட்டப்படியான உரிமையாளர் ஒருவராகவும், அதில் உழைப்பவர் வேறொருவராகவும், அங்கே ஒழுங்கைக் காப்பவர் மற்றொருவராகவும் அமையும் இடங்களிலெல்லாம் இக்கேள்வி எழுந்திருக்கிறது. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறையின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று.

முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டு இக்கரையில் ‘பார்’ எனப்படும். சிப்பி முதிர்ந்த ஆண்டில் ஆட்சியாளர் அறிவித்து நடத்தும் முத்துக்குளிப்பு ‘சலாபம்’ எனப்பட்டது. போர்ச்சுகீசியர், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனியார், பின்னர் ஆங்கிலேயர் எனச் சலாபத்தின் மீது உரிமை கொண்டாடியோர் மாறிக்கொண்டே இருந்தனர். ஆனால் 1530களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவரிடையே சாதித் தலைவரும், அவருக்குக் கீழே ஊர்தோறும் இருந்த பட்டங்கட்டிகளும்தான் ஆட்களைத் திரட்டினர், வழக்குகளைத் தீர்த்தனர். அதற்கு ஈடாகச் சலாப வருவாயில் அவர்களுக்குத் தனிச் சலுகைகள் இருந்தன.

ஆங்கிலேயர் காலச் சலாபத்தில் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் புறப்படும் தோணிகள் விடியும் வேளையில் பாரை அடையும். குளியாள் கனத்த கல்லில் கால் பதித்து இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வலைப்பையில் வாரிப்போட, மேலே கயிறு பிடித்திருப்பவர் அவரை இழுத்துக்கொள்வார். கரை சேர்ந்ததும் ‘கோட்டு’ எனப்படும் அடைப்புக்குள் குளியாட்களே சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிக்க, அரசு அலுவலர் அவற்றில் இரண்டைத் தேர்ந்து எடுத்துக்கொள்வார். எஞ்சிய ஒன்றே குளியாட்களுக்கு. எந்தக் குவியல் தமக்கு மிஞ்சும் என்பது பிரிக்கும்போது தெரியாதாகையால், மூன்றையும் சமமாகப் பிரிப்பதே அவர்களுக்கு நன்மையாயிற்று. நடைமுறை நேர்மையானதுதான், எனினும் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு என்ற விகிதத்தை வகுத்ததில் குளியாளுக்குக் குரல் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவர் குரல் எடுபட்ட இடமும் ஒன்று உண்டு. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடற்கட்டி’ என்ற மந்திரவாதி இல்லாமல் குளியாட்கள் இறங்க மறுத்ததால், அந்நம்பிக்கையை ஏற்காத ஆங்கில அரசும் அவருக்குக் கூலி கொடுக்க நேர்ந்தது.

சாதித் தலைவரின் நிலை இதைவிடச் சிக்கலானது. பரம்பரையாக வந்த அப்பதவிக்கு ஆட்சியாளரின் ஏற்பும் சலுகையும் வலுவூட்டியதால், அவர் தம் மக்களுக்குப் பொறுப்பாளரா, ஆட்சியாளருக்கு இடையாளரா என்ற ஐயம் நீங்கவே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வணிகத்தால் செல்வம் சேர்த்த பரதவக் குடும்பங்கள் அவருடைய உரிமைகளை எதிர்த்து நின்றன.

இன்றைய மட்டுறுத்துநர், அதாவது இணையக் குழுவில் வரும் இடுகைகளைப் படித்து, விதிமீறியவற்றை நீக்கி, வசைபாடுவோரை விலக்கி வைக்கும் தன்னார்வலர், ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கிறார். 2023 ஜூனில், வெளியார் செயலிகள் தன் தரவைப் பெறுவதற்கு ரெட்டிட் என்ற இணையக் குழுத் தளத்தின் நிறுவனம் அறிவித்த கட்டணத்தை எதிர்த்து, ஆயிரக்கணக்கான குழுக்களை அவற்றின் மட்டுறுத்துநர்கள் மூடினார்கள். திறக்க மறுப்போரைப் பதவியிலிருந்து நீக்க நேரும் என்று நிறுவனம் எச்சரித்ததும் பெரும்பாலானவை மீண்டும் திறந்தன. நிறுவனத்தின் செயல் அத்துமீறல் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூடும் முடிவைப் பல குழுக்களில் உறுப்பினரைக் கேளாமல் ஒருசில மட்டுறுத்துநரே எடுத்தார்கள் என்பதும் அதே அளவு கண்டிக்கத்தக்கது.

இரண்டு குறையையும் பெரிதும் தவிர்த்த முறை தமிழிலேயே இருக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் வழங்கிகளையும் வணிகக் குறியையும் அமெரிக்காவிலுள்ள விக்கிமீடியா அறக்கட்டளை வைத்திருந்தாலும், கட்டுரை விதிகளை எழுதுவோரும், பக்கங்களை நீக்கவும் பூட்டவும் உரிமை பெற்ற நிருவாகிகளைத் தேர்ந்தெடுப்போரும் பங்களிப்பாளர்களே. கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்திக் கட்டுரைகளைச் சேர்த்தபோது, அவற்றின் மொழிநடையும் தலைப்புத் தேர்வும் சரியில்லை என்று தமிழ்ப் பயனர்கள் நேரடியாக வாதிட்டதோடு, 2010இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் அம்மதிப்பீட்டை முன்வைத்தார்கள். விதி அவர்களுடையதாக இருந்தமையால்தான் அவ்வளவு பெரிய நிறுவனத்திடமும் அவர்களால் பேச முடிந்தது.

தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பின் சலாபம் நடைபெறவில்லை. இணையக் குழுக்களோ நாள்தோறும் பெருகுகின்றன. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், தள நிறுவனங்கள் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் எனப் பணிக்கின்றனவேயன்றி, கூலியின்றி உழைக்கும் மட்டுறுத்துநருக்கு எந்த உரிமையையும் வகுக்கவில்லை. உறுப்பினரின் வாக்கெடுப்பு இல்லாமல் மட்டுறுத்துநரை நிறுவனம் நீக்கக்கூடாது என்பதும், மட்டுறுத்துநரும் குறித்த காலத்துக்கு ஒருமுறை உறுப்பினரின் வாக்கைப் பெற்றே பதவியில் தொடர வேண்டும் என்பதும் அவ்விதிகளில் சேர்க்கப்பட வேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல், குழு நடத்தும் தமிழர்கள் இரண்டாவதைத் தங்கள் குழுவில் இப்போதே நடைமுறைப்படுத்தலாம்.