திருப்பிப் பார்த்தால் பஞ்சு: ஒரு காட்டுக் காளானை இனம் பிரிப்பது எப்படி?



ஆவணி, புரட்டாசி மழை இறங்கிவிட்டால் நம்ம பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் காட்டோரங்களில் காளான் தலைகாட்ட ஆரம்பித்துவிடும். புற்றுக் காளானை எல்லாருக்கும் தெரியும். சில சமயம் ஆடு மேய்க்கப் போன பிள்ளைகள் வேறொன்றைப் பிடுங்கி வருவார்கள். பன் ரொட்டி மாதிரி தடித்த குடை, கனத்த தண்டு. "இதைக் குழம்பு வைக்கலாமாம்மா?" என்று கேட்டால், பதில் சொல்லுமுன் அதைத் திருப்பிப் பாருங்க.

குடையின் அடியில் புத்தகத் தாள் போல மடிப்புகள் இருந்தால் அது ஒரு ஜாதி. மடிப்பில்லாமல், ஸ்பாஞ்சு போலத் துளைத் துளையாக இருந்தால் அது பெரும்பாலும் 'போலீட்' ஜாதி. ஒவ்வொரு துளையும் ஒரு சின்னக் குழாயின் வாய்; உள்ளேதான் வித்து உண்டாகிறது. பட்ட மரத்தில் வளரும் கட்டைக் காளானுக்கும் துளை உண்டு. ஆனால் அது கெட்டி, இது மெத்தென்று இருக்கும்.

ஜாதி தெரிந்தால் போதாது, ரகம் தெரிய வேண்டும். இலங்கையிலிருந்து கிடைத்து 1873-ல் பெர்க்லி, புரூம் இருவரும் பெயரிட்ட ஒரு பெரிய போலீட்டைத் தாய்லாந்தில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் 'சாத்தான் போலீட்' என்றொன்று. தின்றால் கடும் வாந்தி.

இன்னொன்று கசப்புப் போலீட். பிரெஞ்சுக்காரர் புல்லியார் 1788-ல் இதற்குப் 'போலீட்டஸ் பெல்லியஸ்' என்று பேர் வைத்தார். பெல் என்றால் லத்தீனில் பித்தம். பேருக்கேற்ற கசப்பு. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. ஒரு துண்டு விழுந்தால் சட்டி முழுக்க வீண். ஆளைக் கொல்லாது, உண்ணவும் ஆகாது. பார்வைக்கு அங்கே விலைபோகும் நல்ல போலீட் போலவே இருப்பதால்தான் ஏமாறுகிறார்கள். முற்றியபின் இதன் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும், தண்டில் பழுப்பு வலைக்கோடு ஓடும். நல்லதில் பஞ்சு மஞ்சளாகிப் பச்சை கலக்கும், வலைக்கோடு வெள்ளை. இளசாக இருக்கும்போது இரண்டுக்குமே பஞ்சு வெள்ளைதான், அங்கேதான் சிக்கல்!

அதற்கு வித்துத்தூள் பார்க்கணும். தண்டை நறுக்கிவிட்டு, விரிந்த குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளர் மூடி ஒரு ராத்திரி விடுங்க. காலையில் தூள் படிந்திருக்கும். கசப்புப் போலீட்டுக்கு இளஞ்சிவப்பு, நல்லதற்கு ஆலிவ் கலந்த பழுப்பு. இந்த நிறத்தை வைத்தே பின்லாந்தின் கார்ஸ்டன் 1881-ல் 'டைலோபைலஸ்' என்று தனி இனம் பிரித்தார்.

மரமும் ஓர் அடையாளம். கசப்புப் போலீட் பைன், ஓக் வேரோடு உறவு வைத்து வாழ்வது. நம்ம காட்டில் அந்த மரம் ஏது? நீலகிரிப் பைன் தோப்புகளில்கூட ஆய்வாளர்கள் கண்டது 'சுயில்லஸ்' என்ற வேறு போலீட். ஆகவே தருமபுரியில் முளைத்ததைப் புத்தகப் படத்தோடு ஒப்பிட்டு இதே பேரை ஒட்டவைக்க வேண்டாம்.

வெட்டினால் நீலமாகிறதே, விஷமா என்பார்கள். காற்றுப்பட்டால் நடக்கும் மாற்றம் அது. தின்னத் தகுந்ததிலும் உண்டு, தகாததிலும் உண்டு. வெள்ளிக்காசு கறுப்பது, பூச்சி தின்றிருப்பது எதையும் நம்ப வேண்டாம். நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலையும் கூடாது. பேர் உறுதியாகத் தெரியாவிட்டால் அடுப்பில் ஏற்றாதீங்க.

தப்பித் தவறித் தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சில கொடிய காளான் 6 மணி நேரத்துக்குமேல் சும்மா இருந்து, பிறகு வயிற்றைக் கலக்கி, நடுவில் தேறினது போலக் காட்டிக் கல்லீரலைத் தாக்கும். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. மிச்சக் காளானையும் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்க; பிளாஸ்டிக் பையில் வைத்தால் அழுகி அடையாளம் போய்விடும்.

காளான் ஆசை விடாதவர்களுக்குச் சிப்பிக் காளான் இருக்கிறது. வைக்கோல் இருந்தால் வீட்டிலேயே வளர்க்கலாம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.