மூக்கு இருக்க ஊசி எதற்கு?

தூத்துக்குடி துறைமுக ரோட்டில், லாரி சிந்திய உப்பில் பைக் சறுக்கி மச்சினனுக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் வலிமருந்து ஏற்ற நரம்பு தேடி நாலு குத்து! "அத்தான், கை முறிஞ்சதவிட இதுல்லா வலிக்கு!" என்று அலறினான்.

பிற்பாடு டாக்டர் நண்பரிடம் புலம்பினேன். "ஃபென்டனிலை மூக்கிலேயே பீய்ச்சலாமே! ஆஸ்திரேலியாவில் எமர்ஜென்சிக்கு வரும் குழந்தைகளுக்கு அப்படித்தான் தருகிறார்கள்" என்றார்.

சிரிஞ்ச் முனையில் ஒரு சின்னக் குமிழ். மருந்து பனியாகத் தூவும். மூக்கின் உள்ளே ரத்தக்குழாய்கள் ஏராளம் என்பதால் பத்து நிமிடத்துக்குள் வலி தணிய ஆரம்பிக்குமாம். எடையில் கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம்தான். ஒரு துவாரத்தில் 1 மில்லிக்கு மேல் போனால் தொண்டைக்கு வழிந்து வீண். அளவு மீறினால் மூச்சே மந்தமாகும். ஆகவே பக்கத்தில் ஆள் இருந்து கவனிக்கணும். (மெடிக்கலில் போய்க் கேட்டுவிடாதீர்கள்!)

மச்சினனிடம் சொன்னேன். மாவுக்கட்டைத் தடவியபடி, "எங்க தாத்தா மூக்குப்பொடி போடும்போதே இந்த ரூட்டைக் கண்டுபிடிச்சிட்டாரு அத்தான்" என்றான்.