பழைய ஸ்டோரு நின்ற மண்



பசறைக்கோ ஹாலிஎலவுக்கோ தோட்டப் பாதையால் போய்வந்தவர்கள், கண்ணாடி உடைந்து, தகரம் துருவேறி மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டிருப்பீர்கள். தோட்டத்து மக்கள் அதை ‘ஸ்டோரு’ என்பார்கள். நுவரெலியாப் பக்கம் கந்தப்பொலையில் அப்படி மூடப்பட்ட ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாயிற்று. எல்லா ஸ்டோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. கட்டடத்தைக் கழற்றி விற்றுவிட்டு, காணியைத் துண்டு போடுவார்கள். வீடு கட்ட ஒருவர், பாலர் பாடசாலை அமைக்க இன்னொருவர் என்று வாங்குவோரும் வருவார்கள்.

உறுதி சுத்தமா, எல்லைக் கல் சரியா, பேர்ச்சஸ் என்ன விலை? இவற்றையெல்லாம் விசாரிக்கிறோம். அந்த மண் இத்தனை வருடமாக எதைக் குடித்தது என்று விசாரிப்பவரைக் காண்பது அரிது.

தேயிலைத் தொழிற்சாலையில் அப்படி என்ன நஞ்சு இருக்கப்போகிறது, இலையை வாட்டி அரைத்துக் காயவைக்கும் இடந்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இலைக்கு அடித்த மருந்து எங்கே இருந்தது? பெரும்பாலும் ஸ்டோருக்குப் பக்கத்து அறையிலேதான். ஜெனரேட்டருக்கு எண்ணெய்த் தாங்கி, பழைய பெட்டரிகள், ஈயம் கலந்த பழைய பெயின்ட் ஆகியவையும் அவ்வளவில்தான் இருந்திருக்கும்.

1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பிடித்தபோது செப்பு மருந்து வந்தது. ஐம்பதுகளில் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். அது வண்டோடு நிற்கவில்லை. இலைச் சுருட்டிப் புழுவை அடக்கி வைத்திருந்த சிறு குளவியையும் கொன்றது. பிறகு அந்தப் புழு பெருகித் தோட்டங்களை அலைக்கழித்தது. டீல்ட்ரின் மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கக்கூடியது. உலக நாடுகள் 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் முதலில் தடைக்குட்படுத்திய பன்னிரண்டு நஞ்சுகளில் அதுவும் ஒன்று. செடிக்கு அடித்தது மலை முழுவதும் பரந்து போய்விடும். மருந்து கலக்கிய, தாங்கி கழுவிய மூலையில் சிந்தியதோ ஒரே இடத்தில் சேரும். ஆகவே காணி முழுவதும் கெட்டது என்று பயப்படவும் வேண்டாம், முழுவதும் நல்லது என்று நம்பவும் வேண்டாம்.

நம்மைப் போன்ற மலையூரான கொடைக்கானலின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையை எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே கொண்டுவந்து நிறுவினார்கள். பின்னர் அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001இல் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையொன்றில் குவிந்து கிடந்தது வெளியே வந்ததும் தொழிற்சாலையை மூடினார்கள். 2003இல் சுமார் 290 தொன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2015இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய பாட்டு உலகமெல்லாம் பரவியது. மறு வருடம் 591 முன்னாள் தொழிலாளருடன் கம்பனி உடன்பாட்டுக்கு வந்தது.

கழிவு போயிற்று, மண் அங்கேயே கிடந்தது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருந்தால் ‘சுத்தம்’ எனலாம் என்பதில் வழக்காடவே வருடங்கள் கழிந்தன. 20 போதும் என்றது ஒரு தரப்பு. கீழே பாம்பார் சோலைக் காடும் ஆறும் இருக்கையில் அது போதாது என்றது மறுதரப்பு. இந்த எண்ணை அற்பமாக எண்ணாதீர்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பொருந்தும் அளவு, தவழும் குழந்தை மண்ணை அள்ளி வாயில் வைக்கும் முற்றத்துக்குப் பொருந்தாது. அங்கே என்ன கட்டப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் மண்ணைச் சோதிப்பதில் பாதிப் பயன்தான்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் கம்பனி இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அது சமவெளி. நமது பக்கம் சரிவு. மேலே சிந்தியது மழையோடு இறங்கிக் கீழ் லயத்துப் பீலிக்கு வரும். ஆகவே விற்பனைக்குள்ள துண்டை மட்டும் சோதித்தால் போதாது. அதற்குக் கீழுள்ள ஊற்றையும் பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையை மண் விழுங்கிய பிறகு, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை என்றால் நம் மக்களுக்குத் தெரியும். அந்த மண்சரிவு அறிக்கை, நிலம் நகருமா என்பதைச் சொல்லும். நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. மற்றது, கொதிக்கவைத்த நீர். கொதி கிருமியைக் கொல்லும். ஈயத்தையும் செம்பையும் ஒன்றும் செய்யாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்கு நீரைக் கொடுக்கும்போதும் ‘சோதியுங்கள்’ என்று மட்டும் சொன்னால் வழக்கமான சோதனையோடு விட்டுவிடலாம். எண்ணெய், ஈயம், பூச்சிமருந்து என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

செலவு அதிகந்தான். முழுச் சோதனையை ஒரு குடும்பம் தாங்காது. காணியைத் துண்டு போட்டு விற்பவரே அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. மார்க்கச் சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. விற்கும் பொருளின் குறை தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். மறைத்து விற்றால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. கறக்காமல் மடியில் பாலைத் தேக்கி விற்ற ஆட்டின் சட்டத்தை மத்ரஸாக்களில் வருடா வருடம் ஓதிக்கொடுக்கிறோம். மண்ணுக்குள் தேங்கிய எண்ணெய்க்கும் அதே சட்டந்தான். வக்பாகக் கொடுக்கும் காணி விற்பனையல்ல என்பதால் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பிள்ளைகள் உட்காரப்போகும் இடத்தில் கூச்சம் எதற்கு?

காசு செலவில்லாத முதற்படி ஒன்று உண்டு. நிபுணர்களும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மருந்தடித்த ஐயாமாரும், ஸ்டோரில் வேலை செய்த அம்மாமாரும் சிலர் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களில் இருவரையாவது காணிக்கு அழைத்துப் போங்கள். மருந்து எந்த அறையில் இருந்தது, தாங்கியை எங்கே கழுவினார்கள், வெற்றுப் பீப்பாவை எங்கே புதைத்தார்கள், எண்ணெய் எந்த வாய்க்காலில் ஓடியது என்று கேட்டு, ஒரு கொப்பித் தாளில் வரைந்துகொள்ளுங்கள். எந்த இடத்தில் முதல் குழி தோண்ட வேண்டும் என்பதை அந்தத் தாள் காட்டும்.