பிடிவாதமுமல்ல, உபவாசமுமல்ல



சில வருஷங்களுக்கு முன் பொட்டிபுரம் பக்கமிருந்து பதினாறு வயது மகள் ஒருத்தியைப் பெற்றோர் நம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பிளஸ் ஒன் படிக்க விடுதியில் சேர்ந்த நாலே மாதத்தில் எலும்பும் தோலுமாகியிருந்தாள். மாதவிலக்கும் நின்றுவிட்டது. தகப்பனார் பிடிவாதம் என்றார். உறவினர் காத்துக் கருப்பு என்றார்கள். நானோ படுக்கையருகே அமர்ந்து, ஆகாரம் தேவனுடைய ஈவு, அதைத் தள்ளலாகாது என்று அரைமணி நேரம் புத்தி சொன்னேன். அவள் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

உண்மையைக் கேட்டறிந்தவர் நம் நர்ஸ் சகோதரிதான். சோற்றில் குழம்பு கலந்தால் அந்த மகளுக்குக் குமட்டும். விடுதியிலோ கலந்துதான் போடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் தட்டுச் சத்தம் தாங்காது. தாயார் ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிப்பவர். அந்தக் கைமணம் ஆகாமல், சின்ன வயதிலேயே ஊட்டினால் வாங்கமாட்டாளாம். குண்டாகிவிடுவோம் என்ற பயம் அவளுக்கு இல்லவே இல்லை.

இது புதிதல்ல. டெல்லியில் மருத்துவர்கள் 1995-இல் எழுதிய ஒரு கட்டுரையில், உணவை மறுத்து மெலிந்த ஐந்து இளம்பெண்களைப் பற்றிச் சொல்கிறார்கள். தங்கள் உடல் பருத்திருக்கிறது என்ற தவறான எண்ணம் அவர்களிடம் காணப்படவில்லை. இப்படிப்பட்ட உணவுத் தவிர்ப்புக்கு 2013-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனிப்பெயர் கிடைத்தது.

பட்டினி நோய்க்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்புண்டோ என்று சுவீடன் தேசத்து மருத்துவர் கில்பெர்க் 1983-இலேயே கேட்டார். பிறகு அவருடைய குழுவினர், பட்டினி நோயுற்ற 51 இளையோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் ஆட்டிசப் பண்புகள் இருந்தன. மணம், சத்தம், உணவின் பதம் இவை மிஞ்சி உறைப்பது, பழகியது மாறினால் கலங்குவது, தன் பசியே தனக்குத் தெரியாதிருப்பது ஆகியவை அந்தப் பண்புகளில் சில. பெண்பிள்ளைகள் பிறரைப் பார்த்து நடந்து இவற்றை மறைத்துக்கொள்வதால், பலருக்கு நோய் முற்றும்வரை தெரிவதில்லை.

ஒரு எச்சரிப்பு. பட்டினியே ஒரு மனுஷனை ஒதுங்கவும் பிடித்ததையே பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஆகவே மெலிவதற்கு முந்தின குழந்தைப்பருவத்தை விசாரிக்கவேண்டும். மனநல மருத்துவர் தாயாரிடம் அதைத்தான் கேட்டார். திருவிழாக் கூட்டத்துக்கு அழுவாள், மூணாறு பஸ் நேரமெல்லாம் மனப்பாடம் என்று தாயார் சொன்னபோது விஷயம் தெளிவாயிற்று.

இத்தகைய பிள்ளைகளை மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாய் வாட்டும். சாகவேண்டும் என்ற நினைவும் வரலாம். மனநோய்களில் பட்டினி நோய் மிகுந்த உயிர்ச்சேதம் விளைவிப்பவற்றுள் ஒன்று. பயந்துபோய் திடீரென வயிறுமுட்டக் கொடுப்பதும் ஆபத்தே. இரத்தத்தில் பாஸ்பேட் தாழ்ந்து இருதயம் தடுமாறும். உணவை மருத்துவர் சொல்லும் அளவில் கூட்டவேண்டும்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இவர்களுக்கென்று காரமில்லாத, மாறாத உணவுப் பட்டியல் வைத்து, வார்டின் இரைச்சலையும் குறைத்திருக்கிறார்கள். நம்மிடம் அவ்வளவு வசதி ஏது? மருந்தகத்துக்குப் பின்னாலிருந்த சிறு அறையை ஒழித்து, ஒரு மேஜை போட்டோம். இட்லி, தயிர்சாதம், தனித்தனிக் கிண்ணங்களில். யவீருவின் மகளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்ன ஆண்டவர் என்ன பதார்த்தம் என்று குறிக்கவில்லை, நான்தான் குறித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டிலோ சபையிலோ இப்படி மெலிகிற பிள்ளை இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் கூட்டிவாருங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் 14416 என்ற இலவச எண்ணும் உண்டு.

அந்த மகள் இப்போது வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிறாள். ஒன்பது வகை சாப்பிடுகிறாள். சாம்பார் அதில் இல்லை.