மட்டி ஓட்டின் கோடுகள்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போகும் சாலை உப்பளங்கள் விரிந்த மரக்காணத்தில் கடலைத் தொடுகிறது. 2024இல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற கழுவேலி ஏரி, கடலோடு கலப்பதும் இந்தப் பக்கத்தில்தான். இத்தகைய கழிமுகங்களிலும் ஆழமில்லாத கடல் மணலிலும் புதைந்து வாழ்பவை மட்டிகள். உயிர் போனபின் கரை ஒதுங்கும் ஓடுகளைத்தான் கிளிஞ்சல் என்று பொறுக்கிச் சுட்டு, வெற்றிலைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பாக்கினார்கள்.

சில மட்டிகளின் ஓடு வெறும் மஞ்சள் கலந்த பழுப்பு. ஆனால் 1791இல் இயற்கையியலாளர் க்மெலின் விவரித்த 'பராடேப்ஸ் டெக்ஸ்டிலிஸ்' என்ற கடல் மட்டியைப் பாருங்கள்: வெளிர்நிற ஓடு முழுக்க வளைந்து நெளியும் கோடுகள், ஒன்றோடொன்று மோதி முனை முனையாக நிற்கும். எனக்கு இதைவிட அழகான ஓடு இல்லை.

இந்தக் கோடுகளை மட்டி எப்படிப் போடுகிறது? ஓட்டுக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் மென்தசைப் போர்வையின் விளிம்புதான் ஓட்டைக் கட்டுகிறது. கடல்நீரின் கால்சியத்தை எடுத்து, ஓரத்தில் புதுச் சுண்ணாம்பைச் சேர்க்கும். நிறமும் அந்த ஓரத்தில்தான் படியும். படிந்தபின் மாற்ற முடியாது. தறியில் துணி இழை இழையாக நீள்வதுபோல ஓடும் வளர்கிறது. அதாவது நாம் காண்பது ஒரே சமயத்தில் வரைந்த படம் அல்ல, காலவரிசையில் பதிந்த பதிவு.

ஜெர்மனியின் உயிரியலாளர் ஹான்ஸ் மைன்ஹார்ட் இந்தக் கோலங்களைக் கணினியில் உருவாக்கிக் காட்டினார். 1995இல் நூலாகவும் எழுதினார். விளிம்பில் ஓர் இடத்துச் செல்கள் நிறம் சுரக்கத் தொடங்கினால் பக்கத்துச் செல்களையும் தூண்டும். சுரந்தவை சற்று நேரம் ஓய்ந்துவிடும். தூண்டுதல் இருபக்கமும் பரவப் பரவ, ஓடும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அது சாய்கோடாகப் பதிகிறது. எதிரெதிரே வரும் இரண்டு அலைகள் சந்தித்தால் இரண்டுமே அணைந்துபோகும். கோடுகள் கூடும் அந்த முனைகள் அப்படி வந்தவை.

மணலுக்குள் புதைந்து, இரண்டு குழல்களை மட்டும் மேலே நீட்டி நீரை வடிகட்டி உண்ணும் உயிருக்கு அழகு காட்ட ஆளில்லை. கோலம் எப்படி அமைந்தாலும் பிழைப்புக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்பதால்தான் இத்தனை வேறுபாடு என்பது மைன்ஹார்டின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கையில் கிளிஞ்சல் கிடைத்தால் கூம்பிய மூக்கிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். அதுதான் குஞ்சுப் பருவம். வெளி விளிம்பு கடைசி நாட்கள். நடுவே வளையம் ஒன்று அழுத்தமாகத் தெரிந்தால் அங்கே வளர்ச்சி தடைபட்டிருக்கிறது.