பெடல் ஸ்டீல் கிடார் ஆசையா? முதல்ல ஒரு இரும்புத் துண்டு... அப்புறம்தான் ஆம்ப்!

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது ஒரு சத்தம் விரலை அப்படியே நிறுத்திவிடும். கிடார் மாதிரியும் இருக்கும், யாரோ விம்முகிற மாதிரியும் இருக்கும். உற்றுப் பார்த்தால், மேஜை போன்ற ஒன்றின் முன்னால் ஒருவர் உட்கார்ந்து, பளபளவென்ற இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கிக்கொண்டிருப்பார். காலடியில் பெடல்கள், முழங்கால் இரண்டு பக்கமும் நெம்புகோல்கள். அதுதான் பெடல் ஸ்டீல் கிடார்.

'இதை நானும் வாசிக்கணும்' என்று திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு விலை தேடினால் தலை சுற்றும். தொடக்க நிலைக் கருவியே ஆயிரம் டாலரைத் தாண்டும். மேடைக் கலைஞர்கள் வைத்திருப்பது அதைப்போல சில மடங்கு. அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்க வரி. ஆம்ப்ளிஃபையர் தனி. இங்கேதான் சிலர் ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். சிலர் இஎம்ஐ போட்டு வாங்கி, ஆறு மாதத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

இரண்டுமே வேண்டாம். 'எதை வாங்கலாம்?' என்று கேட்பதற்கு முன்னால், 'எதை வாசிக்கப்போறேன்?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். செலவு கணக்கு அங்கேயே பாதி குறைந்துவிடும்.

பெடல் எதற்கு?

ஸ்டீல் கிடார் பிறந்தது ஹவாய் தீவுகளில். 1880-களின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர்தான் கம்பிகளின் மேல் இரும்பை வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்னொரு சுவாரஸ்யம், சந்தையில் ஜெயித்த முதல் எலக்ட்ரிக் கிடாரே மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடார்தான். 1932-ல் வெளிவந்த அதன் வட்ட உடம்பைப் பார்த்து 'ஃப்ரையிங் பேன்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்த மாதிரிதான் இருக்கும்!

பெடல் வந்தது அதற்குப் பிறகு. 1954-ல் வெப் பியர்ஸ் பாடி ஹிட்டான 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துச் சுரத்தை வளைத்ததும், அமெரிக்க கன்ட்ரி இசைக்காரர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தின் பின்னால் ஓடினார்கள்.

பெடல் செய்யும் வேலையை நம்ம சுரத்தில் சொன்னால் சட்டென்று புரியும். ச, க, ப மூன்றும் ஒன்றாக ஒலிக்கின்றன என்று வையுங்கள். இரண்டு பெடலை மிதித்தால் 'ச' அப்படியே நிற்கும். 'க' மேலேறி 'ம' ஆகும். 'ப' மேலேறி 'த' ஆகும். கையில் இருக்கும் இரும்பு நகரவே இல்லை, ஆனால் கார்டு மாறிவிட்டது. பரவலாக இருக்கும் இ9 வகைக் கருவியில் 10 கம்பிகள், 3 பெடல்கள், நான்கைந்து முழங்கால் நெம்புகோல்கள் இருப்பது இந்த வித்தைக்காகத்தான்.

அதாவது, பெடல் என்பது கார்டு மாற்றும் இயந்திரம். நீங்கள் வாசிக்க நினைப்பது ராகமோ, பழைய சினிமா மெலடியோ, சர்ச் பாட்டின் மெட்டோ என்றால் அது ஒற்றைக் கோடாகப் போகும் இசை. பின்னால் சுருதி நின்றால் போதும். அந்த விம்மல் சத்தம் பெடலில் இருந்து மட்டும் வருவதில்லை. கம்பி மேல் வழுக்கும் இரும்பில் இருந்தும் வருகிறது. அதற்கு லட்ச ரூபாய் தேவையில்லை.

இது நமக்குப் புதுசு இல்லீங்க

தஞ்சாவூர்ப் பக்கம் கோட்டு வாத்தியம் என்ற பெயரில் வளர்ந்த சித்ரவீணைக்கு மெட்டுகளே கிடையாது. மடக்கட்டை போன்ற ஓர் உருளையைக் கம்பிகள் மேல் வழுக்கித்தான் வாசிக்க வேண்டும். திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மைசூர் அரண்மனை வித்வானாக இருந்த நாராயண ஐயங்கார் எல்லோரும் அதில் பேர் வாங்கியவர்கள். நாம் 'ஜாரு' என்று சொல்லும் கமகம் அந்தக் கருவிக்கு மூச்சு மாதிரி.

வடக்கே வேறு பாதை. 1940-களில் ஹவாய்க் கலைஞர் டாவ் மோ கொல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றுக்கொடுத்தார். ஹவாயன் கிடார் அங்கே வீட்டுக் கருவியாகவே ஆனது. பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதில் முழு ராகம் வாசித்துக் காட்டினார். விஸ்வ மோகன் பட் கிடாரை 20 கம்பிகள் கொண்ட மோகன வீணையாக மாற்றி, ரை கூடருடன் சேர்ந்து வாசித்த ஆல்பத்துக்கு 1994-ல் கிராமி விருதே வாங்கினார். இவர்கள் யாரும் பெடல் மிதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் செலவு: லேத் பட்டறை

ஸ்டீல் கிடாரில் ஸ்டீல் என்பது கிடாரைக் குறிக்காது; கையில் பிடிக்கும் இரும்புத் துண்டைக் குறிக்கும். பெடல் ஸ்டீல்காரர்கள் வைத்திருப்பது ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விட்டம், 8 சென்டிமீட்டருக்குச் சற்று அதிக நீளம், 200 முதல் 250 கிராம் எடை உள்ள உருளை. ஒரு முனை துப்பாக்கித் தோட்டா மாதிரி வழவழவென்று உருண்டிருக்கும். இன்னொரு முனையில் கட்டைவிரல் பதிய ஒரு சின்னக் குழி.

ஆன்லைனிலும் கிடைக்கும். ஆனால் திண்டுக்கல் என்றாலே பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். உலோகத்தை இழைக்கத் தெரிந்த கைகளுக்கா இங்கே பஞ்சம்? பக்கத்து லேத் பட்டறைக்குப் போய், "அண்ணே, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடுல இந்த அளவுக்கு ஒரு துண்டு கடைஞ்சு தர்றீங்களா? ஒரு முனை உருண்டையா வேணும்" என்று கேளுங்கள். "எதுக்கு தம்பி, பேரிங்குக்கா?" என்பார். "இல்லண்ணே, கிடார் வாசிக்க" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்!

ஒரே ஒரு நிபந்தனை, பாலிஷ் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். மேலே நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது எங்காவது தட்டினால், அந்த இடம் கம்பியில் 'கரகர' என்று கேட்கும். கம்பியும் சீக்கிரம் தேயும்.

இரண்டாவது: வீட்டில் இருக்கும் கிடாரே போதும்

ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண கிடார் இருக்கிறதா? 'எக்ஸ்டென்ஷன் நட்' என்ற சின்ன உலோகத் துண்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கழுத்தின் தலைப்பக்கத்தில் அதைச் செருகினால் கம்பிகள் உயர்ந்துவிடும். கிடாரை மடியில் படுக்க வைத்தால், உங்கள் முதல் ஸ்டீல் கிடார் தயார்.

கம்பிகளை டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை சேர்த்துக்கொள்ளுங்கள். நம்ம கணக்கில் 2 கட்டை சுருதியில் ச-ப-ச-க-ப-ச. இந்த முறையில் எந்தக் கம்பியும் வழக்கத்தைவிட இறுகாது. சில கம்பிகள் தளரத்தான் செய்யும். அதனால் கழுத்து வளையும் பயம் இல்லை. சில பழைய ஹவாயன் முறைகளில் கம்பியை ஏற்றிக் கட்டுவார்கள். சாதாரண கிடாரில் அதைச் செய்யாதீர்கள்.

இப்போது மூன்று பழக்கங்கள் முக்கியம். இரும்பு, மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். சாதாரண கிடாரில் வைப்பது போல இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் அல்ல. இரும்புக்குப் பின்னால் இருக்கும் விரல்கள் கம்பியை லேசாகத் தொட்டபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் வேண்டாத ஓசைகள் கிளம்பும். மூன்றாவது, போனில் சுருதிப் பெட்டி ஆப்பை ஓடவிட்டே பழகுங்கள். மெட்டு இங்கே வெறும் மைல்கல். சுரம் நிற்கும் இடத்தைக் காதுதான் சொல்லும்.

ஆம்ப்: சத்தத்துக்காக இல்லை, சுத்தத்துக்காக

ராக் கிடார்காரர்கள் ஆம்ப்பைக் கதறவிடுவார்கள். ஸ்டீல் கிடார்காரர்களுக்கு நேர் எதிர். இரண்டு மூன்று கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும்போது ஆம்ப் திணறினால், இனிமை போய்க் குழம்பிய இரைச்சல்தான் மிஞ்சும். அதனால்தான் அமெரிக்கக் கலைஞர்கள் 85 வாட்ஸ் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், 200 வாட்ஸ் பீவி செஷன் 400 என்று பெரிய ஆம்ப்களைத் தேடினார்கள். காது கிழிய வாசிக்க அல்ல. பெரிய வண்டியை மெதுவாக ஓட்டினால் இன்ஜின் திணறாதே, அந்தக் கணக்குதான்.

வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். 15 முதல் 30 வாட்ஸ் போதும். கடைக்காரர் டிஸ்டார்ஷன் எஃபெக்ட்ஸ் பற்றிப் பேசினால் சிரித்துவிட்டு, "அண்ணே, கிளீன் சவுண்டு மட்டும் கேட்டுக்கிறேன்" என்று சொல்லுங்கள். கீபோர்டு ஆம்ப் கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வு. அது சுத்தமாக ஒலிக்கவே செய்யப்பட்டது. கிடாரில் பிக்-அப் இல்லையென்றால், ஒலித்துளையில் பொருத்தும் காந்தப் பிக்-அப் ஒன்று தேவைப்படும்.

குமிழ்களை வைக்கும் விதம் இப்படி: பேஸ் நடுவில், ட்ரெபிள் நடுவுக்குச் சற்றுக் கீழே, மிட் கொஞ்சம் குறைவாக. ஸ்டீல் கிடார்காரர்கள் பலர் 800 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் குறைப்பார்கள். மூக்கில் பேசுவது போன்ற ஒலி அங்கேதான் இருக்கிறது. ரிவெர்ப் துளி போதும். பிரியாணியில் பட்டை கிராம்பு மாதிரி. தூக்கலானால் சுருதி பிசகுவதே உங்கள் காதுக்குத் தெரியாது.

காசு மிச்சம் இருந்தால் எஃபெக்ட்ஸுக்குப் பதில் வால்யூம் பெடல் வாங்குங்கள். கம்பியை மீட்டும்போது ஒலியைப் பாதியில் வைத்து, ஓசை தேயத் தேயக் காலால் மெல்ல ஏற்றினால், ஒரே சுரம் பாடகரின் நீண்ட மூச்சு மாதிரி நிற்கும். ரீல்ஸில் உங்களை நிறுத்திய அந்தச் சத்தத்தில் பாதி இதுதான்.

கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா மேடையோ, சர்ச் கொயரோ, கல்யாண ஆர்கெஸ்ட்ராவோ, எங்கே வாசித்தாலும் பெரிய ஆம்ப்பைத் தூக்கிப் போக வேண்டியதில்லை. சின்ன டிஐ பாக்ஸ் வழியாக நேரே மிக்ஸரில் கொடுத்துவிடலாம்.

கரன்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

பழைய அமெரிக்க ஆம்ப் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், முதலில் அதன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் நம்ம 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. ஒரு நொடியில் புகைந்துவிடும். தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலிவு மலிவாகவே இருக்காது.

எலக்ட்ரிக் கிடாரின் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். நீங்கள் தொட்டுக்கொண்டிருப்பதும் அந்தக் கம்பியைத்தான். அதனால் மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டுச் செருகுவது உயிரோடு விளையாட்டு. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு ஆம்ப்பை சுவிட்ச் ஆஃப் செய்த பிறகும் திறக்காதீர்கள். உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

'ம்ம்ம்' என்று தொடர்ந்து உறுமல் கேட்கிறதா? ஒற்றைச் சுருள் பிக்-அப், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையைப் பிடிக்கிறது. டிவி, ஃபேன் ரெகுலேட்டர், போன் சார்ஜர் பக்கத்தில் இருந்து தள்ளி உட்கார்ந்து, கிடாரை லேசாகத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் உறுமல் குறையும்.

பெடல் ஸ்டீல் எப்போது?

ஆம்ப் வாங்க மதுரை, திருச்சி கடைகளையே முதலில் பாருங்கள். வைகை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை போவதென்றால், 1842 முதல் இருக்கும் அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் பார்க்கலாம். எங்கே போனாலும் உங்கள் கிடாரையும் இரும்பையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக் கிடாரில் நன்றாகக் கேட்கும் ஆம்ப், உங்கள் கிடாரில் வேறு மாதிரி ஒலிக்கும்.

ஒரு வருடம் இப்படி வாசித்த பிறகும், 'இந்த இடத்தில் ஒரு கம்பி நிக்கணும், இன்னொன்று மட்டும் ஏறணும்' என்று கை தவித்தால், அப்போது பெடல் ஸ்டீல் உங்களுக்குத் தேவைப்படுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால், விற்பவரிடம் வீடியோ காலில் ஒவ்வொரு பெடலாக மிதித்து விடச் சொல்லுங்கள். விட்டதும் சுரம் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று போன் டியூனரில் பாருங்கள். திரும்பவில்லை என்றால், பழுதுபார்க்கத் தெரிந்தவர் நம்ம பக்கம் கிடைப்பது கஷ்டம். அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள்.

அதுவரை, நடு மெட்டு ஒன்றில் இரும்பை வைத்து, சுருதிப் பெட்டியோடு 'ச'-விலிருந்து 'ப' வரை ஒரே இழுப்பில் போய் அசையாமல் நிறுத்திப் பழகுங்கள். தினமும் பத்து நிமிஷம். அந்த 'ப' நடுங்காமல் நிற்கும் நாளில், பக்கத்து அறையில் இருக்கும் அம்மா, "யாருடா பாடுறது?" என்று எட்டிப் பார்ப்பாங்க. அப்புறம் எந்த ஆம்ப் வாங்குவது என்று உங்கள் காதே சொல்லிவிடும்.