ரெக்ரூட்டருக்கு யார் காசு கொடுக்கிறாங்க? வேலை மாறும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

"நல்ல ஓப்பனிங் இருக்கு, ரெஸ்யூம் அனுப்புங்க"ன்னு கன்சல்டன்சியிலிருந்து போன் வருதா? அனுப்பும் முன்னாடி ஒரு கேள்வி: இவருக்குக் காசு கொடுக்கிறது யாரு? இதுக்குப் பதில் தெரிஞ்சா, அவர்கிட்ட என்ன பேசணும், என்ன பேசக்கூடாதுன்னு தெளிவாகிடும்.

உள்நாட்டு வேலை: கம்பெனிதான் கொடுக்கணும்

சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் வேலைகளுக்கு கன்சல்டன்சி ஃபீஸைக் கொடுப்பது கம்பெனி. வருஷ சிடிசியில் 8.33%, அதாவது ஒரு மாசச் சம்பளம் என்பது பரவலாக உள்ள கணக்கு. 6 லட்சம் சிடிசின்னா சுமார் 50,000 ரூபாய். பெரும்பாலும் நீங்க சேர்ந்து சில மாதம் நிலைத்தால்தான் அந்தப் பணம் அவருக்கு உறுதி.

அதனால் ரிஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங், டெபாசிட்னு எந்தப் பெயரில் உங்ககிட்ட காசு கேட்டாலும், பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க. உண்மையான ரெக்ரூட்டர்னா இந்த மூணையும் கவனிங்க:

1. சம்பளத்தைக் கையில் வரும் தொகையில் பேசுங்க. மேட்டூரில் திறக்கும் தண்ணி அத்தனையும் பேராவூரணி கடைமடைக்கு வந்து சேராது. சிடிசியும் அப்படித்தான். 6 லட்சத்தில் பேசிக் 3 லட்சம்னு வைங்க. கம்பெனி பங்கு பிஎஃப் 36,000, கிராஜுவிட்டி சுமார் 14,400, உங்க பங்கு பிஎஃப் 36,000. இவை போனால் மாசம் கைக்கு வருவது 50,000 இல்லை, சுமார் 42,800. ஆஃபருக்கு முன்பே சம்பளப் பிரிவுகளை மெயிலில் கேட்டு வாங்குங்க.

2. ஒரு கம்பெனிக்கு ஒரு கன்சல்டன்சி மட்டும். ஒரே ரெஸ்யூம் இரண்டு பேர் வழியா போனால், யாருக்கு ஃபீஸ்னு தகராறு வரும். அதைத் தவிர்க்க உங்களையே ஒதுக்கிடலாம். எந்தக் கம்பெனி, யார் அனுப்பினார், என்ன தேதின்னு ஒரு ஷீட்டில் எழுதி வைங்க.

3. ஆஃபர் உறுதியாகும் முன் ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் தர வேண்டாம். ஓடிபி எப்பவுமே வேண்டாம். ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமாவும் வேண்டாம்.

வெளிநாட்டு வேலை: சட்டம் போட்ட எல்லை

பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போன ஒருத்தராவது இல்லாத தெரு குறைவு. இங்கே ஏஜென்ட் உங்ககிட்டயே காசு வாங்குவார். ஆனா அதுக்கும் அளவு இருக்கு. குடிபெயர்வுச் சட்டம் 1983-ன் கீழ் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், கூட 18% ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ஒருத்தர் சேவைக் கட்டணமாக ஒன்றரை லட்சம் கேட்டால், 1,14,600 ரூபாய் அதிகம். அந்தப் பணம் அம்மாவோட நகையை அடகு வச்சு வருதுன்னா, வட்டியும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ஏஜென்ட்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்க. காசுக்கு ரசீது வாங்குங்க. "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்"னு சொன்னால் கிளம்பாதீங்க.

இது ஐடி படிச்சவங்களுக்கும்தான். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைன்னு ஆள் எடுத்து, மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலையில் தள்ளினார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே இதுபற்றி எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதம் மீட்கப்பட்டு சென்னை திரும்பியவர்களில் 13 பேர் தமிழர்கள்.

சந்தேகம் இருந்தால் காசு கட்டும் முன்பே மத்திய அரசின் இலவச உதவி எண் 1800 11 3090-க்குப் பேசுங்க. வீட்டில் யாராவது இப்போ பாஸ்போர்ட்டோட ஏஜென்ட்கிட்ட அலையுறாங்கன்னா, 35,400 என்ற எண்ணை இன்னைக்கே அவங்களுக்குச் சொல்லிடுங்க.